முன்னாள் குற்றவாளிப் பாத்திரத்தை உருவாக்குதல்: வாவிக்கரை ஆட்டக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக நடித்து, பகடை எறிந்து, மேசையைச் சுற்றி ஆடும் கதையாட்டமான டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸுக்குப் புதிதாக வருபவர்கள், பாத்திரத்தின் முன்வாழ்க்கையைக் குறிக்கும் பின்னணிகளுள் குற்றவாளிப் பின்னணியை விரும்பித் தெரிவுசெய்கிறார்கள். பூட்டுத் திறக்கலாம், இருளில் மறையலாம், ஊர்க்காவலரை ஏமாற்றலாம் என்பதால் அது முதற்பார்வையிலேயே கவர்ந்துவிடுகிறது. ஆனால் அவர்கள் எழுதிக் கொண்டுவரும் வரலாறு பெரும்பாலும் நான்கு வரியில் முடிந்துவிடும்: தாய் தகப்பன் இல்லை, தெருவில் வளர்ந்தவன், கறுப்பு உடை, யாரையும் நம்பமாட்டான். இப்படிப்பட்ட பாத்திரத்துக்கு ஆட்டத்தை நடத்தும் டிஎம் எதையும் கொடுக்க முடியாது, ஏனெனில் அந்தப் பாத்திரத்தை எந்த ஊரும் தேடவில்லை, எந்த வீடும் சபிக்கவில்லை, எந்த மனிதருக்கும் அது பதில் சொல்ல வேண்டியதில்லை. குற்றத் தொழிலை விட்டு வெளியேறிய ஒருவரை உயிருள்ளவராக ஆக்குவன மூன்று விடயங்கள். அவரால் நட்டப்பட்டவர் யார், அவர் ஏன் வெளியேறினார், வெளியேறும்போது அறுக்க முடியாமல் விட்டுவந்த கயிறு எது. இந்த மூன்றையும் முதலில் முடிவுசெய்து, எண்களைக் கடைசியில் நிரப்பும் முறையையே இங்கே படிப்படியாக விளக்குகிறேன். உதாரணங்களை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து நிலத்தையும் நீரையும் வைத்துக் கட்டிய கற்பனை நாடொன்றிலிருந்து எடுத்திருக்கிறேன்.

தொடங்குமுன்: எந்த விதிநூல், எந்த எல்லை

இந்த ஆட்டம் 1974 இல் வெளியானது. திருடர் என்ற தனி வகுப்பு, அதாவது பாத்திரத்தின் தொழில்வகை, 1975 இல் வந்த துணைநூலில் சேர்ந்தது. இன்று எமது மேசைகளில் இரண்டு விதிநூல்கள் புழங்குகின்றன. 2014 ஆம் ஆண்டு விதிநூலில் குற்றவாளிப் பின்னணி டிசெப்ஷன் (ஏமாற்றுதல்), ஸ்டெல்த் (ஒளிந்து நகர்தல்) ஆகிய இரு திறன்களையும், பூட்டுத் திறக்கும் கருவிகளையும், ஒரு சூதாட்டப் பொருளில் தேர்ச்சியையும், கடப்பாரையையும், முக்காட்டோடு கூடிய கருமையான உடையையும், 15 பொற்காசையும், அவற்றோடு நம்பகமான ஒரு குற்றவுலகத் தொடர்பாளரையும் தருகிறது. 2024 ஆம் ஆண்டு விதிநூலில் திறன்கள் ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் (கைச்சாதுரியம்), ஸ்டெல்த் என மாறுகின்றன. அலெர்ட் (விழிப்பு) என்ற சிறப்பாற்றல் கிடைக்கிறது. டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கொன்ஸ்டிடியூஷன் (உடலுறுதி), இன்டெலிஜென்ஸ் (அறிவு) ஆகிய மூன்று ஆற்றல்களில் புள்ளிகளைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் தொடர்பாளர் காணாமற்போய்விட்டார். விதிநூல் வாங்க வசதியில்லாதவர்களுக்கு 2025 இல் இலவசமாக வெளியிடப்பட்ட எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதி ஆவணம் போதும். அதில் இடம்பெற்றிருக்கும் நான்கு பின்னணிகளுள் குற்றவாளிப் பின்னணியும் ஒன்று.

எந்த நூல் என்பதைவிட முக்கியமான உரையாடல் ஒன்று முதலாட்டத்துக்கு முன்பே நடக்க வேண்டும். எமது மாவட்டங்களில் போர் 2009 இல் முடிந்தாலும், மேசையைச் சுற்றி அமரும் ஐந்து பேரில் ஒருவருடைய வீட்டில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவரோ, தடுப்பில் இருந்து வந்தவரோ, இன்றுவரை திரும்பி வராதவரோ இருக்கக்கூடும். வேற்று நாட்டில் எழுதப்பட்ட சாகசக் கதைகளில் ஆட்கடத்தலும் சித்திரவதையும் சிறு பிள்ளைகளைக் கூட்டத்தில் சேர்ப்பதும் சாதாரணக் காட்சிகளாக வந்துபோகும். இங்கே அவை சாதாரணமல்ல. ஆகவே எந்த வகைக் குற்றம் கதையில் வரவே கூடாது, எது பேச்சில் மட்டும் வரலாம், எதைக் காட்சியாக ஆடலாம் என்பதைக் காரணம் கேட்காமல் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம், அவ்வளவுதான்.

இன்னொரு எல்லையை நானே வலியுறுத்திச் சொல்வேன். குற்றத்தை எந்தக் குடிக்கும், சாதிக்கும், மதத்துக்கும், உண்மையான ஊருக்கும் சொந்தமாக்காதீர்கள். இந்தக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஊர் விட்டு ஊராக அடுத்தடுத்து வாழ்கிறார்கள். பெயரையும் பேச்சையும் வைத்தே யார் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். கற்பனை நாட்டிலே ஒரு கூட்டத்தைக் கள்ளர் கூட்டமாக எழுதி, அதற்கு அடுத்த ஊரின் பேச்சு வழக்கைக் கொடுத்துவிட்டால், ஆட்டம் முடிந்த பிறகும் அந்தக் காயம் மேசையில் கிடக்கும்.

முதலாம் படி: குற்றத்தைக் குறுக்கித் தெரிவுசெய்தல்

2014 விதிநூல் எட்டு வகைக் குற்றத் தொழில்களைத் தருகிறது: மிரட்டிப் பணம் பறிப்பவர், வீடு உடைப்பவர், அடியாள், களவுப் பொருள் வாங்கி விற்பவர், வழிப்பறிக்காரர், கூலிக் கொலையாளி, பிக்பொக்கட்காரர், கடத்தற்காரர். புதியவர்கள் உடனே கூலிக் கொலையாளியின் மீது கை வைப்பார்கள். அதைத் தவிர்க்கும்படியே நான் சொல்வேன். இறந்தவர் திரும்பி வரமாட்டார். அவரோடு பேசவோ, அவருக்குப் பட்ட கடனைத் தீர்க்கவோ, அவரிடம் மன்னிப்புக் கேட்டு மறுக்கப்படவோ முடியாது. கதை மிக விரைவில் பழிவாங்கல் என்ற ஒரே வாய்க்காலில் ஓடத் தொடங்கிவிடும். மாறாக, யாரும் தொடாத இரண்டு தொழில்களான மிரட்டிப் பணம் பறிப்பவரும் களவுப் பொருள் வாங்குபவரும் ஆட்டத்துக்குப் பெரும் வளம். முன்னவருக்குப் பலருடைய இரகசியம் தெரியும். பின்னவருக்கு எந்தப் பொருள் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது தெரியும்.

எட்டில் ஒன்றை எடுத்தவுடன் அதை நிலத்தோடு பொருத்திக் குறுக்குங்கள். "கடத்தற்காரர்" என்பது போதாது. எதை, எந்த வழியால், எந்தக் காலத்தில் கடத்தினார் என்பது தெரிய வேண்டும். இந்த இடத்தில் எமது நிலம் எமக்குத் தாராளமாகக் கைகொடுக்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள மட்டக்களப்பு வாவி, சூரியன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும் மறையும் பக்கத்தை படுவான்கரை என்றும் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கரையில் கடலும் சந்தையும். மறு கரையில் வயலும் மேய்ச்சற்றரையும் காட்டோரமும். இடையில் துறைகள். கற்பனை நாட்டுக்கு இதைவிட நல்ல வரைபடம் தேவையில்லை, ஏனெனில் ஒரு கரையில் களவெடுத்தவர் பொருளை விற்க மறு கரைக்குப் போக வேண்டும், தோணி ஓட்டுபவர் ஒருவருக்காவது அது தெரிந்தே தீரும். புளியந்தீவையும் அப்படியே எடுத்தாளலாம். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நிற்கும் அந்தச் சிறு தீவைச் சுற்றி எங்கும் நீர்தான். பாலங்கள் இல்லாத காலமாக அதைக் கற்பனை செய்தால், உள்ளே நுழைந்த கள்ளருக்கு வெளியேறும் வழி ஒவ்வொன்றும் நீர்வழிதான். கல்லடிப் பக்கத்தில் பூரணை இரவுகளில் பாடுமீனின் ஒலியைக் கேட்கத் தோணியில் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கதையிலும் அப்படி ஒரு வழக்கம் இருந்தால், கடத்தற்காரர் அமாவாசையைத்தான் தெரிவுசெய்வார், பூரணையில் தோணி இறக்கத் துணிபவர் ஏதோ அவசரத்தில் இருக்கிறார் என்று காவலருக்குத் தெரியும். ஒரு சிறு உள்ளூர் விபரத்திலிருந்து ஒரு முழு இரவின் ஆட்டம் பிறக்கிறது.

வயல்நாட்டுக்கே உரிய குற்றங்கள் இரண்டை விதிநூல் எதுவும் சொல்லவில்லை. முதலாவது நீர்க் களவு. குளத்து நீரை வாய்க்கால் வழியே முறைவைத்துப் பகிரும் நாட்டில், நள்ளிரவில் அடைப்பைத் திறந்து தன் வயலுக்கு நீரைத் திருப்புபவர் கத்தி எடுப்பதில்லை, பூட்டு உடைப்பதில்லை. ஆனால் கடைவயற்காரரின் கதிர் பதராகிப் போகிறது. நீரைப் பங்கிடும் வட்டவிதானையாரைக் காசு கொடுத்து வளைத்தவரோ, அந்தக் காசை வாங்கிய வட்டவிதானையாரோ முன்னாள் குற்றவாளியாக வந்தால் அந்தப் பாத்திரம் எந்தப் பயணக் கூட்டத்திலும் புதுமையாக இருக்கும். இரண்டாவது மாட்டுக் களவு. அதையே இந்த வழிகாட்டியின் முதன்மை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

எமது பக்கத்தில் மாடுகளுக்குக் குறிசுடும் வழக்கம் பழையது. குறியைப் பார்த்து மாட்டின் உரிமையை அறிந்தார்கள். விதைப்புக் காலத்தில் பயிரைக் காக்கப் பட்டிகளை மேற்கே மேய்ச்சற்றரைக்குக் கொண்டுபோவதும் வழக்கம். எனது உதாரணப் பாத்திரமான வள்ளியம்மை, அந்த மாதங்களில் காட்டோரத்தில் வேலை பார்த்தவர். அவர் மாட்டைப் பிடிக்கவில்லை. பிறர் பிடித்து வந்த மாட்டின் குறியை மாற்றுவதே அவருடைய தொழில். பழைய சூட்டுத் தழும்பில் மயிர் முளைக்காது, தோல் வழுவழுப்பாக இருக்கும். அதன்மேல் ஒரு கோட்டைக் கூட்டினால் புதுக் கோடு மட்டும் தடித்துச் சிவந்து நிற்கும். ஆகவே புதுக் கோடு ஆறி அடங்கும்வரை மாட்டை மறைத்து வைக்க வேண்டும், எந்தக் குறியை எந்தக் குறியாக மாற்றலாம் என்பதை மனத்துக்குள் வரைந்து பார்த்திருக்க வேண்டும், சுடுகோலை எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த அளவு நுணுக்கம் இருந்தால், பிறகு ஆட்டத்தில் வேறெந்த முத்திரையையோ தழும்பையோ கண்டாலும் வள்ளியம்மைக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கும். தொழிலைக் குறுக்கியதால் பாத்திரம் சிறுத்துப்போகாது.

இரண்டாம் படி: நட்டப்பட்டவருக்கு முகம் கொடுத்தல்

மற்ற வழிகாட்டிகள் அவசரமாகக் கடக்கும் இந்தப் படியில் நான் நேரம் எடுக்கச் சொல்வேன். பலர் "பணக்காரரிடம் மட்டுமே களவெடுத்தான்" என்று எழுதித் தம் பாத்திரத்தைக் கழுவி விடுகிறார்கள். அப்படி எழுதியவுடன் முன்னாள் வாழ்க்கைக்கு எந்தப் பாரமும் இல்லாமற்போகிறது. நட்டப்பட்ட ஒரே ஒரு மனிதரையாவது தெரிவுசெய்து, அவருடைய பெயரையும், அவர் இழந்த பொருளையும், அந்த இழப்பால் அடுத்த ஆண்டு அவருடைய வீட்டில் என்ன நடக்காமற்போனது என்பதையும் எழுதுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்.

வள்ளியம்மை குறி மாற்றிய ஆறு எருமைகள் கண்ணம்மை என்ற கைம்பெண்ணுடையவை என்று வைத்துக்கொள்வோம். கண்ணம்மை தயிர் விற்று வாழ்ந்தவர். எருமை போனதால் அன்றாடத் தயிர்ச் சட்டி போனது. தாய்வழியாக வீடு மகளுக்குப் போகும் நாட்டில், மகளுக்குச் சீதனமாகக் கட்டத் தொடங்கிய வீடு கூரையேறாமல் சுவரோடு நின்றது. பேசிவைத்த சம்பந்தம் கலைந்தது. அந்த மகள் இப்போது எங்கே இருக்கிறாள் என்பது டிஎம்முக்குக் கிடைக்கும் முதலாவது கதைவாசல். அவள் பட்டணத்தில் ஒரு மந்திரவாதியின் வீட்டில் வேலைக்கு நிற்கலாம். களவு விசாரிக்கும் அதிகாரியாக வளர்ந்திருக்கலாம். வள்ளியம்மையை யாரென்று தெரியாமலே அவரோடு ஒரே பயணக் கூட்டத்தில் நடந்துகொண்டும் இருக்கலாம். இன்னொரு ஆட்டக்காரர் அந்த மகளாகவே ஆட முன்வந்தால், அதைவிட உறுதியான தொடக்கம் கிடையாது, ஆனால் இருவரும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

நட்டப்பட்டவரைச் சாகடித்து விடாதீர்கள், ஊரைவிட்டே துரத்தியும் விடாதீர்கள். அவர் உயிரோடு, எட்டிப் போகக்கூடிய தூரத்தில், தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு இருப்பதே பாத்திரத்துக்கு மிகக் கடினமான நிலை.

மூன்றாம் படி: வெளியேறிய நாள்

ஒருவர் குற்றத்தை விடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. பிடிபட்டுத் தண்டனை கழித்துத் திரும்புவார். கூட்டாளி காட்டிக்கொடுப்பார். கூட்டம் கலையும். வயது ஏறிக் கை நடுங்கும். பிள்ளை பிறக்கும். இவற்றில் எதுவும் தவறில்லை. தவறு வருவது, "ஒரு நாள் மனம் மாறினான்" என்று மொட்டையாக எழுதும்போதுதான். மனம் எதைக் கண்டு மாறியது என்று கேளுங்கள். ஒரு பொருளோ, ஒரு சொல்லோ, ஒரு வாசனையோ பதிலாக வர வேண்டும்.

வள்ளியம்மையிடம் ஓர் இரவு கொண்டுவரப்பட்ட பசுவின் தொடையில் இருந்தது அவருடைய தாயின் குடிக்குறி. தாய்வழியே குடி தொடரும் நாட்டில் அந்தக் குறி அவருடைய சொந்தப் பெயருக்குச் சமம். சுடுகோல் நெருப்பில் இருந்தது, கூலி முற்பணமாக வாங்கியாகிவிட்டது, மாட்டைப் பிடித்து வந்த இருவரும் காத்துநின்றார்கள். அவர் கோலை நீரில் தோய்த்து எடுத்துக்கொண்டு காட்டு வழியே நடந்துவிட்டார். இவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் இதற்குள் ஒரு கடன் இருக்கிறது, திருப்பிக் கொடுக்காத முற்பணம். ஒரு சாட்சி இருக்கிறது, காத்துநின்ற இருவர். ஒரு கேள்வியும் இருக்கிறது: வேறொருவருடைய குறியாக இருந்திருந்தால் அவர் நின்றிருப்பாரா? இந்தக் கேள்விக்கு நீங்கள் விடை எழுத வேண்டாம். ஆடும்போது விடை வரட்டும்.

சிறை சென்று வந்த பாத்திரமாக இருந்தால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். தண்டனை முடிந்தது என்பதும் ஊர் ஏற்றுக்கொண்டது என்பதும் வேறு வேறு. தண்டனை கழித்தவருக்கு வயல் குத்தகைக்குக் கிடைக்குமா, கோயிற் சடங்கில் முன்பிருந்த முறை திரும்பக் கிடைக்குமா, களவு நடந்த அடுத்த நாள் யார் வாசலில் ஆள் வந்து நிற்கும் என்பவற்றை எழுதினால், சிறையின் சுவரை வருணிக்காமலே அதன் நிழலைக் காட்டிவிடலாம்.

நான்காம் படி: அறுபடாத கயிறு

2014 விதிநூலில் தொடர்பாளர் ஓர் ஆற்றலாகவே தரப்பட்டிருந்தார்: அவர் வழியாகக் குற்றவுலகத்தோடு செய்தி பரிமாறலாம், தொலைவிலிருந்தும் அவருக்குச் செய்தி எட்டும். 2024 விதியில் ஆடுபவர்கள் இவரைத் தாமே உருவாக்கி டிஎம்மிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். இரண்டிலும் நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே. தொடர்பாளருக்கும் பாத்திரத்திடமிருந்து ஏதாவது தேவைப்பட வேண்டும். கேட்டதும் தகவல் கொடுக்கும் இயந்திரமாக அவரை வைத்தால் அவர் மூன்று அமர்வுக்குள் அலுத்துவிடுவார்.

வள்ளியம்மையின் தொடர்பாளர் துறையில் தோணி விடும் ஒரு கிழவி. களவு மாடு கரை கடந்த இரவுகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளும் கூலி வாங்கியவள்தான். வள்ளியம்மை வந்து நின்றால் அவள் தலை நிமிராமல், "மறுகா வா புள்ள, இப்ப துறையில ஆள் நிக்குது" என்பாள். அந்த ஒரு வரியில் எச்சரிக்கையும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது, பிறகு வந்தால் ஏதோ கேட்கப்போகிறாள் என்ற குறிப்பும் இருக்கிறது. தொடர்பாளருக்கு இப்படி ஒரு பேச்சு முறையை எழுதி டிஎம்மிடம் கொடுங்கள். எழுத்து நடையில் பேசும் கள்ளர் கூட்டத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். தீவ்ஸ் கான்ட் எனப்படும் கள்ளரின் இரகசிய மொழி குற்றவாளிப் பின்னணியோடு வருவதில்லை; அது ரோக் எனப்படும் கள்ளர் வகுப்புக்கு உரியது. போர்வீரராகவோ மந்திரவாதியாகவோ ஆடும் முன்னாள் குற்றவாளிக்கு அந்த மொழி தேவை என்றால் டிஎம்மின் அனுமதி வேண்டும்.

ஐந்தாம் படி: வகுப்பும் எண்களும்

கதை முடிவான பிறகு எண்களை நிரப்புவது எளிது. 2024 விதியில், முன்சொன்ன மூன்று ஆற்றல்களில் ஒன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 1 எனவோ, மூன்றுக்கும் ஒவ்வொன்று எனவோ கூட்டலாம். எதுவும் 20 ஐத் தாண்டக்கூடாது. அலெர்ட் சிறப்பாற்றல், சண்டையில் யார் முந்திச் செயற்படுவது என்பதைத் தீர்மானிக்கும் எறிதலில் தேர்ச்சி எண்ணை (தேர்ச்சி உள்ளவற்றுக்கு எறிதலோடு கூட்டும் எண்) கூட்டுவதோடு, சம்மதிக்கும் தோழரோடு வரிசையை மாற்றிக்கொள்ளவும் விடுகிறது. காவலுக்குப் பயந்து வாழ்ந்தவருக்கு இது பொருத்தமான கொடை.

பூட்டுத் திறப்பதில் 2024 விதி தரும் நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. டெக்ஸ்டெரிட்டி 16 உள்ள முதல்நிலைப் பாத்திரத்துக்கு அந்த ஆற்றலுக்கு 3 உம், தேர்ச்சிக்கு 2 உம் சேர்ந்து, எறிதலோடு கூட்ட மொத்தம் 5 கிடைக்கும். சாதாரணப் பூட்டின் சிரம எண், அதாவது எட்ட வேண்டிய மொத்தம், 15. ஆகவே இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 55 வீதம். கருவியிலும் அதற்குரிய திறனிலும் ஒருசேரத் தேர்ச்சி இருந்தால் இரண்டு பகடை எறிந்து பெரியதை எடுக்கலாம் என்பது 2024 இன் விதி. குற்றவாளிப் பின்னணி ஸ்லைட் ஆஃப் ஹேண்டையும் பூட்டுக் கருவியையும் சேர்த்தே தருவதால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 80 வீதமாக உயர்கிறது. ரோக் அல்லாத ஒருவர் கூட்டத்தின் பூட்டுக்காரராக இருக்க இதுவே போதும். இன்டெலிஜென்ஸ் கூடுவதால் மந்திரவாதிக்கு இந்தப் பின்னணி நன்றாகப் பொருந்துகிறது.

சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட போர்வீரரான பலடினுக்கு எண்கள் அவ்வளவு ஒத்துவராது, ஏனெனில் அந்த வகுப்புக்கு வேண்டிய ஸ்ட்ரெங்த் (பலம்), கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) இரண்டும் இந்தப் பட்டியலில் இல்லை. இருந்தும் நான் மிகவும் விரும்பும் சேர்க்கை இதுதான். வாவியில் கடத்தல் தோணி விட்ட சாமித்தம்பி என்ற பாத்திரத்தை எண்ணிப் பாருங்கள். சத்தியம் செய்து பலடின் ஆகி, சங்கிலிக் கவசம் பூண்டவுடன், அவருக்கு ஸ்டெல்த் எறிதல்களில் இரண்டு பகடை எறிந்து சிறியதை எடுக்கும் பாதகம் வருகிறது. சத்தமில்லாமல் துடுப்புப் போடத் தெரிந்த மனிதர் இனி நடந்தாலே சலசலக்கும். ஒளிந்து போக வேண்டிய இரவில் கவசத்தைக் கழற்றி வைப்பாரா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். விதியே கதையைச் சொல்லும் அரிய இடங்களில் இது ஒன்று.

வள்ளியம்மையைப் போல விதிநூற் பட்டியலில் அடங்காத குற்றத்துக்கு, பின்னணியை மாற்றி அமைக்கலாம். 2014 நூலில் ஆட்டக்காரர் கையேட்டிலேயே அதற்கு இடமுண்டு. 2024 இல் டிஎம்முக்கான கையேட்டில் அந்த முறை இருக்கிறது. நான் அவரைக் காட்டு வழி அறிந்த வகுப்பான ரேஞ்சர் ஆக்கி, திறன்களாக ஸ்டெல்த்தையும் அனிமல் ஹேன்ட்லிங்கையும் (விலங்குகளைக் கையாளுதல்), கருவியாகப் போலி ஆவணம் செய்யும் பெட்டியையும், ஆற்றல்களாக டெக்ஸ்டெரிட்டி, கொன்ஸ்டிடியூஷன், விஸ்டம் (விவேகம்) ஆகியவற்றையும் எடுப்பேன். அலெர்ட் அப்படியே இருக்கட்டும். கடப்பாரைக்குப் பதில் பொதியில் ஒரு சுடுகோல். 2014 விதியில் ரோக் ஆடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பூட்டுக் கருவித் தேர்ச்சி வகுப்பிலிருந்தும் பின்னணியிலிருந்தும் இரு முறை வருவதால், ஒன்றை வேறொரு கருவியாக மாற்றிக்கொள்ளலாம்.

ஆறாம் படி: இரண்டு வரவு எழுதுதல்

எமது கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் வரவு பாடித்தான் களரிக்குள் வரும். தான் யார், எந்த நாடு, எதற்கு வந்தேன் என்பதைச் சபைக்குச் சொல்லிவிட்டே கதைக்குள் நுழையும். இந்த முறையை அப்படியே மேசைக்கு எடுத்துவரலாம். உங்கள் பாத்திரத்துக்கு ஐந்தாறு வரியில் ஒரு வரவு எழுதி, முதலாட்டத்தில் எல்லோர் முன்னும் வாசியுங்கள். முன்னாள் குற்றவாளிக்கு மட்டும் இரண்டு வரவு வேண்டும்: தோழர்களுக்குச் சொல்லும் ஒன்று, டிஎம்முக்கு மட்டும் கொடுக்கும் இன்னொன்று. வள்ளியம்மை தோழர்களிடம், "படுவான்கரையில் பட்டி பார்த்தவள், காட்டு வழி தெரியும், கூலிக்கு வருகிறேன்" என்பார். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மறைக்கப்பட்டது மட்டும் இருக்கிறது. முழுப் பொய்யைச் சொல்லும் பாத்திரத்தை வெளிப்பட்ட பிறகு தோழர்கள் ஏற்பது கடினம். பாதி உண்மை சொன்னவருக்குத் திரும்பி வர ஒரு வழி மிச்சமிருக்கும்.

இரகசியத்தை எப்போது உடைப்பது என்பதையும் டிஎம்மோடு பேசிக்கொள்ளுங்கள். நீண்ட தொடர் ஆட்டமாக இருந்தாலும், முதல் சில அமர்வுகளுக்குள் ஒரு தோழருக்காவது தெரியவருவது நல்லது. யாருக்குமே தெரியாத இரகசியத்தை மேசையில் யாரும் ஆட முடியாது.

ஆட்டம் தொடங்கிய பின்

தோழர்களின் பொதியில் கை வைக்காதீர்கள். "என் பாத்திரத்தின் இயல்பு அப்படி" என்று சொல்லிக் கூட்டாளியின் பணப்பையை எடுப்பவர், பாத்திரத்தை ஆடவில்லை. எதிரே இருக்கும் நண்பரின் ஆட்டத்தைக் கெடுக்கிறார். அதுமட்டுமன்றி, தொழிலை விட்டு வெளியேறியவர் என்று நாம் எழுதிய கதைக்கே அது முரணாகும். பழைய ஆசை எழும் காட்சியை ஆட விரும்பினால், சந்தையில் காவலில்லாமல் நிற்கும் வண்டிக்கு முன்னால் அதை ஆடுங்கள், கை எடுப்பதா விடுவதா என்பதைத் தோழர்கள் பார்க்கட்டும்.

டிஎம்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டக்காரர் எழுதிக் கொடுத்த எல்லாவற்றையும் முதலிரண்டு அமர்வுகளில் கொட்டிவிடாதீர்கள். முதலில் ஒரு சிறு அடையாளம் வரட்டும்: சந்தையில் விற்பனைக்கு நிற்கும் மாட்டின் குறியில் ஒரு கோடு மட்டும் புதிதாகத் தெரிகிறது, அதைச் சுட்ட கை வள்ளியம்மையிடம் பழகிய கை. பிறகு முற்பணத்தைக் கேட்டு ஆள் வரட்டும். நட்டப்பட்டவரைச் சந்திக்கும் காட்சியை மிகவும் பின்னால் வையுங்கள். அங்கே மன்னிப்பைப் பகடை எறிந்து தீர்மானிக்காதீர்கள். பெர்சுவேஷன் (பேசி இணங்கவைத்தல்) எறிதலில் 20 விழுந்ததால் கண்ணம்மை கண்ணீரோடு கட்டித்தழுவினாள் என்றால், நாம் இத்தனை பக்கம் எழுதியதற்குப் பொருளில்லை. அவள் ஆறு எருமைகளைத் திருப்பிக் கேட்கலாம். கதவை மூடிவிடலாம். மகளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லலாம். எதுவாயினும் அது அவளுடைய முடிவாக இருக்க வேண்டும், ஆட்டக்காரர் அதற்கு ஏற்ப நடக்க வேண்டும்.

இந்தப் படிகளில் எழுதியவற்றை ஒற்றைப் பக்கத்தில் சுருக்கி, அதன் ஒரு பிரதியை டிஎம்மிடம் கொடுத்து, மற்றதை உங்கள் பாத்திரத் தாளோடு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நிலையில் தேர்ச்சி எண் 3 ஆக உயரும்போது இருவரும் அந்தப் பக்கத்தை மீண்டும் எடுத்துப் பார்ப்பது வசதியான தருணம். தீர்ந்த கடனை வெட்டிவிடுங்கள், தெரியவந்த இரகசியத்தின் எதிரே யாருக்குத் தெரியும் என்று குறியுங்கள், தொடர்பாளரின் புதுத் தேவையை எழுதுங்கள். எல்லாக் கடனும் தீர்ந்துவிட்டதென்றால், காட்டோரத்தில் காத்துநின்ற அந்த இருவரில் ஒருவருக்குப் பெயர் வைத்து, அவர் இப்போது என்ன தொழில் செய்கிறார் என்பதிலிருந்து அடுத்த கதையைத் தொடங்கலாம்.